என் மாமனாரின் வரகுக்கோழி

என் மாமனாருக்குப் பறவைப் பைத்தியம் பிடித்ததற்கு முழுப் பொறுப்பு ஒரு சர்க்கரை டாக்டருடையது. "தினமும் நடங்க" என்று சொன்னார் அவர். எங்கே நடப்பது? திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீதியில் நடந்தால் ஒன்று டெம்போ இடிக்கும், இல்லாவிட்டால் தெரிந்தவர்கள் பிடித்து நிறுத்தி நூல் விலையைப் பற்றிப் புலம்புவார்கள். அதனால் ஊருக்கு வெளியே ஒரு குளத்தங்கரையைக் கண்டுபிடித்துப் போனார். அங்கே எவரோ பைனாகுலரைக் கையில் கொடுத்து ஒரு மீன்கொத்தியைக் காட்டித் தொலைத்துவிட்டார். அன்றோடு மனிதர் கைமீறிப் போனார்.

வீட்டில் யாரும் வருத்தப்படவில்லை. நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனியை என் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்த பிறகும் மாமா தினம் வந்து கட்டிங் மாஸ்டரிடம் நொட்டை சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அந்த நேரத்தில் குளத்துக் கொக்குகளிடம் நொட்டை சொல்கிறார். கட்டிங் மாஸ்டர் எந்தச் சாமிக்கு வேண்டிக்கொண்டாரோ தெரியாது, மொட்டை போட்டுவிட்டு வந்தார்.

மாமா ஒரு கேமரா வாங்கினார். அதற்கு ஒரு லென்ஸ். ஆறு மாதக் குழந்தை அளவுக்கு இருக்கும். அதற்கு உறை வேண்டும் என்று கம்பெனி டைலரிடம் சொல்லி, ரிஜெக்ட் ஆன குழந்தை உடுப்பு ஆர்டரில் மிஞ்சிய துணியில் தைத்துக்கொண்டார். மஞ்சள் ஃப்ளீஸ், மேலே கரடி பொம்மை பிரிண்ட். அதை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தால், சிக்னலில் நிற்கிறவர்கள் "பேரனுங்களா?" என்று எட்டிப் பார்ப்பார்கள்.

அவரை ஏற்றிக்கொண்டு அலைவது என் தலையில் விழுந்தது. மின்கம்பம் ஒன்றின் உச்சியில் இருந்த வல்லூறைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டி அதே கம்பத்தில் போய் முட்டியபிறகு வீட்டில் அவரிடமிருந்து சாவியைப் பிடுங்கிவிட்டார்கள். என் வீட்டுக்காரரைக் கேட்டால் வருஷம் பூராவும் ஷிப்மெண்ட் என்பார். நான்தான் அகப்பட்டேன். கம்பெனியில் என் வேலை ஷேடு பார்ப்பது. சாயப்பட்டறையிலிருந்து வரும் துணி, ஆர்டர் கொடுத்த பையர் கேட்ட நிறத்தில் இருக்கிறதா, ஒரு லாட்டுக்கும் இன்னொரு லாட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது. பறவைகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மாமாவுக்கும் பெரிதாகத் தெரியாது. ஆனால் எனக்குப் புரியும்படி சொல்வார். "உடம்பு கிரே மெலாஞ்சு கண்ணு, காலர் மட்டும் பிளாக் ரிப்பு" என்பார். பார்த்தால் அப்படித்தான், சாம்பல் உடம்பும் கறுப்புக் கழுத்துமாக ஒரு குருவி உட்கார்ந்திருக்கும்.

இரண்டு வருஷமாக மழை பொய்த்திருந்த ஒரு மாசி மாதத்தில், மாமா இருந்த பறவை வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு போட்டோ போட்டார். காய்ந்த புல்லுக்குள் ஒரு பறவையின் பின்பக்கம். பின்பக்கம் மட்டும். அதை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க அடித்துக்கொண்டார்கள். மயில் குஞ்சு என்றார் ஒருவர். கண்கிலேடி என்றார் இன்னொருவர். கடைசியில் குழுவில் இருந்த பல் டாக்டர், "இது வரகுக்கோழி. நம் பக்கம் பார்ப்பது அபூர்வம். நாட்டிலேயே மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

பல் டாக்டருக்கும் மாமாவுக்கும் ஆகாது. மாமா பெருமையாகப் போட்ட ஒரு கழுகுப் படத்துக்குக் கீழே அவர், "சார், இது சாதாரணப் பருந்து" என்று எழுதிச் சிரிக்கிற பொம்மை வேறு போட்டிருந்தார். அந்தப் பொம்மையை மாமா மறக்கவே இல்லை.

"அந்தாளுக்கு முன்னால நாம பாத்தாகோணும் கண்ணு" என்றார் மாமா.

ராத்திரிச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னபோது என் வீட்டுக்காரர், "வரகு, கோழி ரெண்டும் சேத்தா? எந்த ஓட்டல்ல?" என்று கேட்டார்.

இடத்தைச் சொல்லக்கூடாது என்பது குழுவின் சட்டம். பறவையை ஆட்கள் போய்த் தொல்லை செய்வார்களாம். எங்களைத்தான் சொல்கிறார்கள் என்பது மாமாவுக்கு உறைக்கவில்லை. போட்டோவைப் பெரிசு பண்ணிப் பண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பறவைக்குப் பின்னால், வெகு தூரத்தில், ஒரு இறக்கை ஒடிந்த காற்றாலை தெரிந்தது. பக்கத்தில் ரோஸ் கலர் தண்ணீர்த் தொட்டி.

"இந்த மொண்டிக் காத்தாடி தாராபுரம் ரோட்டுல இருந்து உள்ள போற வழியில இருக்குது. நான் பாத்திருக்கறேன்" என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். காங்கயம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கொறங்காடுகள். மாடு மேய்வதற்கென்றே சுற்றிலும் கிளுவை முள்வேலி போட்டு, நடுநடுவே வெள்வேல மரங்களை விட்டு, உழாமல் போட்டு வைத்திருக்கும் புல்காடுகள். புல்லைத்தான் காணோம். மண் தெரிந்தது. வேலிகள் எதைக் காவல் காக்கின்றன என்று அவற்றுக்கே தெரியாதது போல நின்றன. எதிரே வந்ததில் பாதி வண்டி தண்ணீர் லாரி.

ஒரு டீக்கடையில் நிறுத்தி மாமா போட்டோவைக் காட்டினார். கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"மயிலுங்களா? எங்க தோட்டத்துக்கு வாங்க. இருக்கற தக்காளியப் பூரா அதுகதான் திங்குது. எத்தன வேணுமோ ஏத்திட்டுப் போங்க, வண்டி வாடகை நானே குடுத்தர்றேன்."

"மயில் இல்லீங்க, இது வேற."

"வேறன்னா அது எதுக்குங்க இந்தக் காஞ்ச காட்டுக்குள்ள வருது? அதுக்குப் புத்தி இல்லீங்களா?"

மாமா டீக்குக் காசைக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

மொண்டிக் காற்றாலையைக் கண்டுபிடித்தோம். ரோஸ் தொட்டியும் இருந்தது. இரண்டும் படத்தில் இருந்த மாதிரி அமைகிற இடம் வரும்வரை முன்னும் பின்னும் வண்டியை எடுக்கச் சொன்னார் மாமா. கடைசியில் ஒரு கொறங்காட்டின் முன்னால் இறங்கி, வாசலில் சாத்தியிருந்த முள் படலை ஒதுக்கிவிட்டுக் கரடி பொம்மையை அணைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் பின்னால் போனேன். பத்தடி போயிருக்க மாட்டோம்.

"யாருங்க அது? காடு விக்கறதுக்கு இல்லீங்க!"

அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, கையில் அரிவாளோடு வந்தார்.

"காடு வாங்க வரலீங்க அம்மணி. ஒரு பறவ பாக்க வந்தமுங்க" என்றார் மாமா.

"என்ன பறவ?"

"கோழியாட்ட இருக்கும். கழுத்து நீளமா, காலும் நீளமா..."

அந்த அம்மாவின் முகம் மாறியது. "ஈமுங்களா?"

"இல்லீங்க..."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா? முட்டைக்கு அவ்வளவு, எறைச்சிக்கு இவ்வளவுன்னு சொல்லிப் போட்டுப் போனவிய மூஞ்சியை இன்னும் நான் தேடிட்டு இருக்கறன். வெளிய போங்க மொதல்ல!"

எங்கள் பக்கம் ஈமு என்ற வார்த்தையைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் பாதி கொங்கு நாடும் அந்த நெட்டைக் கோழியை வளர்த்துப் பணக்காரர் ஆகப் பார்த்தது. பிறகு வாங்க ஆள் இல்லாமல் போய், வேலிக்குள் பசியில் ஓடிக்கொண்டிருந்த பறவைகளை என்ன செய்வதென்று ஊர் விழித்தது. லென்ஸோடு வந்த பெரியவரும் வெள்ளைக் காரில் வந்த மருமகளும் அடுத்த ரவுண்டு ஏஜெண்டுகள் என்று அந்த அம்மா நினைத்ததில் தப்பே இல்லை.

நான் என் போனில் படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுங்களா? பொட்ட மயிலு. பத்து நாளா இங்கதான் சுத்திட்டு இருக்குது. தெனமும் கல்லெடுத்து வீசித் தொரத்தறேன்."

மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "வீசுனீங்களா? பட்டுருச்சுங்களா?"

"எங்கீங்க படுது. எனக்குத் தோள்பட்டை வலி."

உள்ளே இருந்து பார்த்துக்கொள்கிறோம் என்று மாமா கெஞ்சினார். அந்த அம்மா எங்களைப் பார்க்கவில்லை. காரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல எவ்வளவு எடம் இருக்குமுங்க?"

மாட்டுக்குச் சோளத்தட்டு வாங்கி வைத்திருக்கிறாராம், பக்கத்து ஊரில். ஏற்றிவர வேண்டிய வண்டிக்காரன் காலையிலிருந்து போன் எடுக்கவில்லையாம். எங்கள் கார், வெளிநாட்டுப் பையர்கள் வந்தால் அழைத்து வருவதற்கென்று என் வீட்டுக்காரர் வாங்கியது. உள்ளே சந்தன நிற சீட். அதில் யாரும் டீ கூடக் குடிக்கக்கூடாது. மாமா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஏத்திரலாமுங்க அம்மணி."

ஏற்றினோம். டிக்கியில் தொடங்கி, பின் சீட்டை மடக்கி, கியர் ராடு வரைக்கும் தட்டு. மாமா பின்னால் தட்டுக் கட்டுகளுக்கு இடையில் எங்கேயோ இருந்தார். தும்மல் மட்டும் கேட்டது. அந்த அம்மா முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து ஏசியைக் கூட்டச் சொன்னார்.

"அவரு உங்கப்பாருங்களா?"

"மாமனாருங்க்கா."

திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். "எங்க மாமனாரு கண்ண மூடற வரைக்கும் அவருகூட நான் பத்து வார்த்தை பேசுனதில்ல. நீ அவரக் கூட்டிட்டுக் குருவி பாக்க வந்திருக்கற." கொஞ்ச தூரம் போனதும், "நல்லதா கெட்டதான்னு தெரியல" என்றார்.

பின்னாலிருந்து தும்மல் வந்தது.

அந்த அம்மாவின் மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருக்கிறானாம். மாட்டை விற்றுவிட்டு வந்துவிடச் சொல்கிறானாம். நிறைய மாடுகள் சந்தைக்குப் போய்விட்டன. இரண்டு பசுவும் ஒரு காளையும்தான் மிச்சம். "ஏனுங்க்கா, நீங்களும் போயிரலாமில்ல?" என்று கேட்டேன். "போயி? அவனோட பத்துக்குப் பத்து ரூமுல நான் எங்க நிக்கறது? பாத்ரூமுக்கு வரிசை நிக்கறாங்க கண்ணு அங்க" என்றார்.

திரும்பி வந்து டிக்கியைத் திறந்ததும் மூன்று மாடுகளும் ஓடி வந்தன. காளை தலையை உள்ளே விட்டு நின்ற வாக்கில் தின்னத் தொடங்கியது. சந்தன நிற சீட்டில் அதன் எச்சில் ஒழுகியது. வீட்டுக்காரர் முகத்தை நினைத்து எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு அதன் விலா எலும்புகளைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு கட்டை இழுத்து அதன் முன்னால் போட்டேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

அதன் பிறகு மாமாவுக்குக் காட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் உட்கார அனுமதி கிடைத்தது. ஒரு வெள்வேல மரத்தடியில் லென்ஸை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் இன்னொரு கார் வந்தது. பல் டாக்டர் இறங்கினார். அவரும் மொண்டிக் காற்றாலையைக் கண்டுபிடித்துவிட்டார். தொப்பியிலிருந்து ஷூ வரை ராணுவக்காரர் மாதிரி பச்சைத் திட்டுப் போட்ட உடுப்பு. பறவை கண்ணுக்குத் தெரியாமல் இருக்கவாம். அந்தக் காட்டில் பச்சையாக இருந்த ஒரே பொருள் அவர்தான். காளை ஆசையோடு பார்த்தது.

இருவரும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து கிசுகிசுப்பாகச் சண்டை போட்டார்கள். நிழல் யாருக்குச் சொந்தம் என்பதில் தொடங்கி, பழைய பருந்து வரைக்கும் போனது. சண்டைக்கு நடுவில், வேலியோரம் மிஞ்சியிருந்த காய்ந்த புல் அசைந்தது. இரண்டு கேமராவும் தையல் மிஷின் மாதிரி ஓடின. புல்லை விலக்கிக்கொண்டு வந்து நின்றது, தலையில் கொண்டையோடு, ஒரு நிஜமான பெண் மயில்.

இதற்குள் எனக்கு வேறு பிரச்சினை. விடியற்காலை டீ, டீக்கடை டீ, இரண்டு பாட்டில் தண்ணீர். ஆண்கள் இரண்டு பேரும் வேலியோரம் போய் வந்துவிட்டார்கள். பறவை பார்க்கும் புத்தகங்களில் தொப்பி, தண்ணீர், பூச்சிக்கடி மருந்து எல்லாவற்றையும் பற்றி எழுதுகிறார்கள். பெண் எங்கே போவாள் என்று ஒருவரும் எழுதுவதில்லை. அந்த அம்மாவிடம் கேட்டேன். "ஊட்டுக்குப் போனா வெகு தூரம். அந்த மூலைக்குப் போ கண்ணு. கொஞ்சம் புல்லு நிக்குது, மறைவா இருக்கும்" என்றார்.

போன் காரில் இருந்தது. மூலைக்குப் போனேன். இரண்டு வேலி சேருகிற இடத்தில் காய்ந்த கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. உட்கார்ந்தேன். ஆரம்பித்தும் விட்டேன்.

புல்லுக்குள்ளிருந்து அது வெளியே வந்தது.

ஒரு கட்டில் நீளம்தான் எங்களுக்கு இடையில். நாட்டுக்கோழி அளவு, ஆனால் கோழியின் அவசரம் இல்லை. மெல்லிய நீளக் கழுத்து. தலையில் கொண்டை இல்லை. மஞ்சள் சாயம் வெளுத்தது மாதிரிக் கால்கள். உடம்பு முழுக்க மணல் நிறம், அதன் மேல் கறுப்பும் அடர் பழுப்புமாகச் சின்னச் சின்ன அம்பு முனைகள். எத்தனையோ ஆயிரம் ஷேடு பார்த்த கண் இது. அந்த நிறத்தை எந்தச் சாயப்பட்டறையிலும் எடுக்க முடியாது. பின்னால் இருந்த காய்ந்த புல்லும் அதுவும் ஒரே லாட்டில் சாயம் போட்டவை போல இருந்தன. நகராவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அது என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். என்னால் எழவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. அது ஒரு வெட்டுக்கிளியைக் கொத்தி விழுங்கியது. பிறகு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, என்னைச் சுற்றிக்கொண்டு வேலி ஓரமாக நடந்து மறுபடி புல்லுக்குள் போய்விட்டது. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கண்ணில் ஏன் தண்ணீர் வந்தது என்று தெரியவில்லை. பறவைமேல் எனக்கு ஒரு ஈடுபாடும் இருந்ததில்லை.

ஓடிப்போய்ச் சொன்னேன். பல் டாக்டர்தான் முதலில் பேசினார்.

"போட்டோ எடுத்தீங்களா மேடம்?"

"இல்லீங்க."

"ஏன்?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். புரிந்துவிட்டது. கரடி பொம்மை உறையின் ஜிப்பை இழுத்து மூடித் திறந்தார்.

"மயிலாத்தான் இருக்கும் மேடம். ஆசையில நமக்கு அப்படித் தோணும்" என்றார் டாக்டர்.

மாமா எழுந்து நின்றார். "ஏனுங்க டாக்டர், ஒரே துணியில அரை ஷேடு வித்தியாசம் இருந்தா லாரியோட திருப்பி அனுப்பறவ இவ. சாயப்பட்டறைக்காரங்க இவ பேரைக் கேட்டாலே திட்டுவாங்க. இவளுக்கு மயில் தெரியாதுங்களா? பாத்தேன்னு சொன்னா பாத்ததுதான்."

கல்யாணம் ஆகி வந்த இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டி நான் கேட்டதில்லை. நான் திருப்பி அனுப்பிய லாட்டுகளுக்காக அவரே என்னைத் திட்டியிருக்கிறார்.

இடத்தைக் காட்டச் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் கூட்டிப் போனேன். அந்த வறண்ட மண்ணில் ஈரமாக ஒரு சிறு வட்டம். அந்தக் காட்டில் வெகு மாதங்களுக்குப் பிறகு விழுந்த முதல் ஈரம் அதுவாகத்தான் இருக்கும். பல் டாக்டர் அதைச் சுற்றிக்கொண்டு மண்டியிட்டு, கால்தடம் தேடினார். மாமா இறகு தேடினார். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னுங்க தேடறீங்க? தோடு கீடு விழுந்துருச்சுங்களா?"

பொழுது சாயும்வரை இருந்தோம். அது வரவில்லை.

திரும்பும்போது மாமா முன் சீட்டில் உட்கார்ந்தார். காங்கயம் தாண்டியதும், "அது உன்னையப் பாத்துச்சா கண்ணு?" என்றார்.

"பாத்துச்சுங்க மாமா."

"எப்படிப் பாத்துச்சு?"

"பையர் நம்ம சாம்பிளப் பாக்கற மாதிரிங்க. பிடிச்சுதா பிடிக்கலையான்னு கடைசி வரைக்கும் காட்டிக்கல."

விழுந்து விழுந்து சிரித்தார். தலைமுடியிலிருந்து சோளச் சருகு உதிர்ந்தது.

ராத்திரி அவர் குழுவில் எழுதினார். போட்டோ இல்லாமல் ஏற்க முடியாது என்றார் நடத்துபவர். பார்த்தவர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்றும் கேட்டார். மாமா நெடுநேரம் யோசித்து, "அமர்ந்து கவனித்துக்கொண்டிருந்தார்" என்று தட்டினார். அப்படியும் ஏற்கவில்லை. "என் மருமகளைப் பொய்க்காரி என்கிற குழு எனக்கு வேண்டாம்" என்று எழுதிவிட்டு வெளியேறினார். காலையில் பார்த்தால் பல் டாக்டரும் வெளியேறியிருந்தார். அன்று சாயங்காலம் மாமாவுக்குப் போன் செய்து, அடுத்த சனிக்கிழமை ஒரே காரில் போகலாமா என்றார்.

போனார்கள். பங்குனி முழுக்கப் போனார்கள். சோளத்தட்டு இல்லாமல் வந்தால் அந்த அம்மா படலைத் திறக்க மாட்டார், அதனால் டாக்டரின் கார் பின் சீட்டும் மாட்டுக்கொட்டகை ஆனது. ஒருநாள் அந்த அம்மா சொத்தைப் பல்லைக் காட்டி, அங்கேயே மரத்தடியில் வைத்தியம் கேட்டாராம். மாமா மூலையில் போய்த் தனியாக உட்கார்ந்தும் பார்த்தார் என்று டாக்டர் எனக்கு ரகசியமாகச் சொன்னார். காளைதான் வந்ததாம்.

சித்திரைக் கடைசியில் கோடை மழை பெய்தது. அடுத்த சனிக்கிழமை நானும் போனேன். காடு முழுக்கப் பச்சை கிளம்பியிருந்தது. மாடுகள் தலை தூக்காமல் மேய்ந்துகொண்டிருந்தன. வரகுக்கோழி போய்விட்டது. மழைக்காலத்தில் அவை குஞ்சு பொரிக்க வடக்கே போய்விடும் என்றார் டாக்டர். மாமா கடைசிவரை அதைப் பார்க்கவே இல்லை.

"மறுபடியும் இப்படிக் காஞ்சு கெடந்தா அது வந்தாலும் வருமுங்க அம்மணி" என்றார் மாமா, ஆறுதல் மாதிரி.

அந்த அம்மா தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "காஞ்சு கெடந்தாத்தான் வருமுங்களா? அப்ப அது வராமயே இருக்கட்டுமுங்க."

மாமா மேய்கிற மாடுகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அதும் சரிதானுங்க" என்றார். லென்ஸை டாக்டர் கையில் கொடுத்துவிட்டு, சட்டைக்கையை மடித்துக்கொண்டு தொட்டியின் மறுபக்கத்தைத் தேய்க்கப் போனார்.